அத்தையின் பட்டன் போன்

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே ஓடும் பஸ்ஸில் ஒரு தடவை ஏறி உட்கார்ந்தால் போதும். நமது தேசத்தின் டெலிபோன் சரித்திரத்தில் பாதியைக் கண்ணால் கண்டும், மறு பாதியைக் காதால் கேட்டும் தெரிந்து கொண்டுவிடலாம். சென்ற மாதம் நாம் அப்படிப் பிரயாணம் செய்தபோது, முன் ஆசனத்தில் ஒரு காலேஜ் மாணவர் கையகலக் கண்ணாடிப் பலகையொன்றை விரலால் தேய்த்துக்கொண்டே வந்தார். பெரம்பலூரில் தேய்க்க ஆரம்பித்தவர் அரியலூர் வரையில் தேய்ப்பை நிறுத்தவில்லை. அவருக்குப் பக்கத்தில், மடியில் சின்ன வெங்காய மூட்டையுடன் ஒரு பெரியவர். திடீரென்று பெரியவரின் சட்டைப் பையிலிருந்து நாதஸ்வர ஓசை கிளம்பிற்று. சோப்புக் கட்டி அளவுகூட இல்லாத ஒரு கறுப்புக் கருவியை வெளியே எடுத்தார், கட்டை விரலால் ஒரு பொத்தானை அமுக்கினார், "ஏறிட்டேன், பாதி வழி வந்துட்டேன்" என்றார், மறுபடியும் அமுக்கினார், பையில் போட்டுக்கொண்டார். டெலிபோன் என்பதை மனிதன் எதற்காகக் கண்டுபிடித்தானோ அந்தக் காரியம் அரை நிமிஷத்தில் முடிந்து போயிற்று.

இந்த வாரம் நாம் பேசப் போவது அந்தச் சிறிய கருவியைப் பற்றித்தான். கடைக்காரர்கள் அதைப் 'பேசிக் மாடல்' என்கிறார்கள். ஜனங்கள் 'பட்டன் போன்' என்கிறார்கள். ஜனங்கள் வைத்த பெயரே பொருத்தமானது என்பது நமது அபிப்பிராயம்.

"அதெல்லாம் பழைய காலத்துச் சாமான், இப்போது யார் வாங்குகிறார்கள்?" என்று பட்டணத்து நேயர்கள் கேட்கலாம். டெலிபோன் விவகாரங்களை ஒழுங்கு செய்யும் 'டிராய்' என்னும் அதிகார சபை 2024-ம் வருஷக் கடைசியில் வெளியிட்ட குறிப்பில், சுமார் 15 கோடிப் பேர் இன்னமும் 2ஜி வாடிக்கையாளர்களாகவே இருப்பதாகச் சொல்லியிருக்கிறது. பதினைந்து கோடி என்பது தமிழ்நாட்டு ஜனத்தொகையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகையால் இது செத்துப் போன சரக்கு அல்ல.

நமக்கு இந்த விஷயத்தில் சிரத்தை உண்டானதற்குக் காரணம் நமது அத்தை. அவர் வசிப்பது வேப்பந்தட்டைக்கு மேற்கே, பச்சைமலை அடிவாரத்தில் ஒரு கிராமம். மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். மகளை அரியலூரில் கொடுத்திருக்கிறது. வீட்டில் அத்தையும், இரண்டு ஆடுகளும், ஒரு காணி மக்காச்சோளமுந்தான். சிங்கப்பூர் மகன் போன தீபாவளிக்கு வந்தபோது தாயாருக்கு விலையுயர்ந்த டச் போன் ஒன்றை அன்போடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். அத்தையின் விரல்கள் நாற்பது வருஷமாய்க் களை பறித்தும் வெங்காயம் ஆய்ந்தும் காய்த்துப் போனவை. இந்தக் கண்ணாடித் திரைகள் விரலிலுள்ள ஈரத்தையும் அதன் வழியே பாயும் சொற்ப மின்சாரத்தையும் கொண்டுதான் தொடுகையை அறிகின்றன. உலர்ந்து தடித்த விரலை அவை விரலாகவே மதிப்பதில்லை. அத்தை தேய்த்தார், தட்டினார், கடைசியில் குத்தினார். மகனின் அழைப்பு மணியடித்து மணியடித்து ஓய்ந்தது. "எனக்கு அமுக்கினா அமுங்குற போன் ஒண்ணு வாங்கிக் குடு, தம்பி" என்று சென்ற ஆடி மாதம் நம்மிடம் சொன்னார்.

இது என்ன பிரமாத காரியம் என்று நாம் நினைத்தோம். பெரம்பலூரில் ஒரு கடையில் நுழைந்து, ஆயிரம் ரூபாய்க்குள் அழகாயிருந்த பட்டன் போன் ஒன்றை ஐந்து நிமிஷத்தில் வாங்கினோம். அத்தையின் பழைய சிம் கார்டைக் கழற்றி அதில் போட்டோம். திரையில் 'நோ சர்வீஸ்' என்று வந்தது. மலையடிவாரமாயிற்றே, டவர் கொஞ்சம் மக்கர் செய்கிறது, சற்று நேரத்தில் வந்துவிடும் என்று அத்தைக்கும் நமக்கும் சமாதானம் சொல்லிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்துவிட்டோம். அன்று சனிக்கிழமை.

திங்கட்கிழமை விடியற்காலையில் அரியலூரிலிருந்து அத்தையின் மகள் நம்மை அழைத்தாள். குரல் நடுங்கிற்று. "அத்தான், அம்மாவுக்கு என்ன ஆச்சு? ரெண்டு நாளா போன் போகலை. தம்பி சிங்கப்பூர்ல ராத்திரி முழுக்கத் தூங்கலையாம்" என்றாள். பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அவள் முதல் பஸ்ஸில் ஏறி, பெரம்பலூரில் இறங்கி, மறு பஸ் பிடித்து, கிராமத்துக்கு ஓடினாள். அத்தை திண்ணையில் உட்கார்ந்து வெங்காயம் ஆய்ந்து கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் அவர் சந்தோஷப்படவில்லை. "ரெண்டு நாளா ஒருத்தரும் என்னைக் கூப்பிடலை. எல்லாரும் மறந்துட்டீங்கன்னு நெனைச்சுக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். வெங்காயத்தினால் வந்த கண்ணீர் என்று பிற்பாடு நம்மிடம் சாதித்தார். நாம் நம்பவில்லை.

தவறு யாருடையது? கடைக்காரருடையதென்று சொல்ல மாட்டோம். அவர் பெட்டியின் மேல் அச்சிட்டிருந்ததை நாம் படிக்கவில்லை. பெட்டியில் '2ஜி' என்று இருந்தது. அத்தையின் சிம்மோ 2ஜி இல்லாத கம்பெனியுடையது. இதில் வேடிக்கை என்னவென்றால், '2ஜி' என்ற சொல்லைப் பெரம்பலூர் ஜில்லாவுக்கு யாரும் புதிதாய்ப் போதிக்க வேண்டியதில்லை. 2007-ல் தொலைத்தொடர்பு மந்திரியானவர் பெரம்பலூர்த் தொகுதியில் தேர்ந்தெடுக்கப்பட்டு டில்லிக்குச் சென்றவர். அதற்குப் பின் நடந்த வழக்கும், 2017 டிசம்பரில் டில்லி விசேஷக் கோர்ட்டு எல்லோரையும் விடுதலை செய்ததும், அதன் மேல் அப்பீலும் ஊரறிந்த செய்தி. ஆண்டுக்கணக்கில் டீக்கடை பெஞ்சுகளில் அந்தச் சொல்லை மென்றோம். அதற்கு அர்த்தம் என்ன என்று மட்டும் ஒருவரும் விசாரித்ததாய்த் தெரியவில்லை. நாமுந்தான் விசாரிக்கவில்லை.

அர்த்தம் எளிதுதான். டவரும் போனும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பாஷையின் தலைமுறை அது. 2ஜி என்பது இரண்டாந் தலைமுறைப் பாஷை. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் ஏற்பட்டது. 4ஜி நான்காந் தலைமுறை. ஏர்டெல், வோடபோன் ஐடியா, பி.எஸ்.என்.எல். ஆகியவற்றின் டவர்கள் பழைய பாஷையையும் கைவிடாமல் வைத்துக்கொண்டிருக்கின்றன. 2016 செப்டம்பரில் வந்த ஜியோ கம்பெனி பழைய பாஷையைக் கற்றுக்கொள்ளவே இல்லை; ஆரம்பம் முதலே அதற்கு 2ஜி டவர் கிடையாது. ஆகவே ஜியோ சிம்மை 2ஜி போனில் போடுவது, தமிழ் மட்டும் தெரிந்தவரிடம் ஜப்பான் பாஷையில் விலாசம் கேட்பது போலத்தான். அதே கம்பெனி 2023-ல் 'ஜியோபாரத்' என்று 999 ரூபாய்க்கு ஒரு 4ஜி பட்டன் போனை வெளியிட்டது. அதில் வேறு கம்பெனி சிம்மைப் போட முடியாது. மலிவுக்கு ஆசைப்படுகிறவர்கள் இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகையால், கடையில் முதலில் பார்க்க வேண்டியது நிறமும் அல்ல, விலையும் அல்ல. வீட்டில் இருக்கும் சிம் எது, அந்தக் கிராமத்தில் எந்தக் கம்பெனியின் டவர் ஒழுங்காய் எடுக்கிறது என்ற இரண்டையுந்தான். இரண்டுக்கும் விடை தெரியாவிட்டால் 4ஜி பட்டன் போனே உத்தமம். ஒரே கம்பெனிக்கென்று செய்யாத போனாயிருந்தால், அது பழைய டவரோடும் பேசும், புதிய டவரோடும் பேசும். சில நூறு ரூபாய் அதிகம் ஆகும். ஆனால் 2ஜி டவர்கள் என்றைக்கும் நிலைத்திருக்கும் என்று யாரும் நமக்கு எழுதிக் கொடுக்கவில்லை. சிங்கப்பூரில் 2017 ஏப்ரலோடு 2ஜியை நிறுத்திவிட்டார்கள். அங்கே கட்டிட வேலை செய்து கொண்டிருந்த நம் பக்கத்துப் பிள்ளைகள் ஊரிலிருந்து கொண்டுபோன பழைய பட்டன் போன்களைத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று.

மோட்டார் போட்டிருக்கும் விவசாயிகளுக்கும் இது சம்பந்தமில்லாத விஷயமல்ல. வீட்டிலிருந்தபடியே போன் செய்து, ஓர் எண்ணை அமுக்கினால் கிணற்று மோட்டார் ஓடத் தொடங்கும் கருவி இப்போது அநேக கிணறுகளில் இருக்கிறது. மூன்று பேஸ் கரண்ட் வந்ததும் போனதும் குறுஞ்செய்தியாய் வந்துவிடுகிறது. அந்தக் கருவிக்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது. அதற்கும் ஒரு தலைமுறை உண்டு.

நிற்க. தலைமுறை விவகாரம் தீர்ந்த பிறகு, போனைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். நம் கையில் அல்ல, உபயோகிக்கப் போகிறவர் கையில். நாம் செய்த இரண்டாவது பிழை, அத்தையை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனது. மறு வாரம் அவரையே அழைத்துக்கொண்டு போனோம். அவர் நான்கு போன்களை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார்! 5 என்ற எண்ணின் மேல் சிறு மேடு ஒன்று இருக்கும். இருட்டில் அதைக் கொண்டு மற்ற எண்களைக் கண்டுபிடித்துவிடலாம். சில போன்களில் அது பெயருக்குத்தான் இருக்கிறது. பொத்தான்கள் தனித்தனியாய் இருக்கின்றனவா, ஒரே தகடாய் வழவழவென்று இருக்கின்றனவா என்பதும் முக்கியம். சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதி பறக்கும் அரியலூர்ப் பக்கத்தில், இடுக்கில்லாத ஒரே ரப்பர் விரிப்பாய் உள்ள பொத்தான்களே அதிக காலம் உழைக்கின்றன என்று ஒரு லாரி டிரைவர் நமக்குச் சொன்னார். அநுபவஸ்தர் வார்த்தை.

பாட்டரி விஷயத்தில், கழற்றி மாட்டக் கூடியதாகப் பார்த்து வாங்குவது நலம். கழனியில் தண்ணீரில் விழுந்தால் உடனே கழற்றி உலர்த்தலாம். உப்பிப் போனால் மாற்றிவிடலாம். நோக்கியாக்காரர்களின் 'பி.எல்.5சி' என்ற பாட்டரி அளவு எத்தனையோ கம்பெனிகளின் போன்களுக்கும் சிறு ரேடியோக்களுக்கும் பொதுவாகிவிட்டது. சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கிறது. 2007 ஆகஸ்டில் அந்த ரகத்தில் ஒரு பகுதி சூடேறுகிறதென்று 4 கோடியே 60 லட்சம் பாட்டரிகளை மாற்றித் தருவதாய் நோக்கியா அறிவித்ததும், ஊரெல்லாம் போனைப் பின்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டதும் சிலருக்கு நினைவிருக்கும்.

டார்ச் விளக்கை அலட்சியம் செய்ய வேண்டாம். 2003-ல் வந்த 'நோக்கியா 1100' உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. அதன் நெற்றியிலிருந்த சின்ன விளக்குக்கு இதில் பெரும் பங்கு உண்டென்பது நமது துணிபு. ராத்திரி கரண்டுக்குத் தண்ணீர் பாய்ச்ச வரப்பில் நடந்தவர்களுக்குத்தான் அந்த விளக்கின் அருமை தெரியும். பாம்புக்கும் தெரியும்.

குறுஞ்செய்தி விஷயம் சற்று விஸ்தாரமானது. அத்தைக்கு எழுதத் தெரியாது. ஆனால் தமிழ் படிப்பார். 2023 செப்டம்பரிலிருந்து வரும் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் பாங்கியில் சேர்ந்ததும் செய்தி வருகிறது. ரேஷன் கடையில் அரிசி வாங்கினாலும் செய்தி வருகிறது. பாங்கிச் செய்தி இங்கிலீஷில் இருக்கிறது. 1-க்குப் பின்னால் மூன்று சைபர்களைத் தேடிக் கண்டுபிடித்துத் திருப்தியடைகிறார். மகள் தமிழில் அனுப்பும் செய்தியைத்தான் எழுத்துக் கூட்டி நாலு தடவை படிக்கிறார். இந்தியாவில் விற்கும் எந்தப் போனும் அங்கீகரிக்கப்பட்ட 22 பாஷைகளிலும் வரும் செய்தியைக் காட்ட வேண்டுமென்றும், இங்கிலீஷ், ஹிந்தியோடு இன்னொரு பாரத பாஷையிலாவது எழுத வசதி இருக்க வேண்டுமென்றும் சர்க்கார் தரநிர்ணயம் இருக்கிறது. அந்த இன்னொரு பாஷை தமிழ்தானா என்று பார்த்து வாங்குவது நம் பொறுப்பு. கடையிலேயே சிம்மைப் போட்டு, நம் போனிலிருந்து ஒரு தமிழ்ச் செய்தி அனுப்பிப் பார்த்துவிடலாம். எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாய் வந்தால் மரியாதையாய்த் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

தமிழுக்கு இதில் ஓர் அநியாயமும் உண்டு. இங்கிலீஷில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம். தமிழில் 70 தான். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் இரு மடங்குக்கு மேல் இடம் தேவைப்படுகிறது என்பது காரணம். அது போதாதென்று, புள்ளிக்கும் கொம்புக்கும் தனிக் கணக்கு. 'வணக்கம்' என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து; போனின் கணக்கில் ஏழு. மெய்யெழுத்துக்கு வரி போட்ட ராஜாங்கம் வேறு எதுவும் சரித்திரத்தில் இருந்ததாய்த் தெரியவில்லை! ஆகையால் தாயாருக்குத் தமிழில் எழுதும் பிள்ளைகள் சுருக்கமாய் எழுதட்டும். நீண்டால் ஒரு செய்தி இரண்டாய், மூன்றாய்க் கணக்காகும்.

பழைய போன் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, மறுபடி சதுரக் குறி ஆகியவற்றை வரிசையாய் அமுக்கினால் போனின் 15 இலக்க எண் தெரியும். 'கே.ஒய்.எம்.' என்ற மூன்று இங்கிலீஷ் எழுத்துக்களை எழுதி, இடம் விட்டு, அந்த எண்ணையும் எழுதி 14422-க்கு அனுப்பினால் அது எந்தப் போன், திருட்டுப் போனென்று முடக்கப்பட்டதா என்ற விவரம் வந்துவிடும். இன்னொன்று: 2017 முதல் விற்கும் பட்டன் போன்களில் 5 அல்லது 9-ஐ நீள அமுக்கினால் அவசர உதவிக்கு அழைப்பு போக வேண்டும் என்பது விதி. தனியாய் வசிக்கும் பெரியவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதோடு, இடுப்பில் செருகும்போது பொத்தான்களைப் பூட்டி வைக்கவும் சொல்லிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கூப்பிடாமலே போலீஸ்காரர் வந்து நிற்பார்.

போனைவிட முக்கியமானது எண். போன் போனால் வேறு வாங்கலாம். அத்தையின் எண்ணோ ரேஷன் கார்டிலும், பாங்கியிலும், சிங்கப்பூரிலும் பதிந்திருக்கிறது. அழைப்பு வந்தால் பேசுவதற்குக் காசில்லை என்றிருந்த காலம் 2018 கடைசியோடு மலையேறிவிட்டது. இப்போது ரீசார்ஜ் கெடு முடிந்தால் சில நாட்களில் வருகிற அழைப்பும் நின்றுவிடும். அதே 2018 பிப்ரவரியில், இந்தத் தமிழ்நாட்டிலேயே 1999-ல் பிறந்து வளர்ந்த ஏர்செல் கம்பெனி திவாலாகி, டவர்கள் மௌனமானபோது, எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள ஜனங்கள் கடை வாசல்களில் வரிசையில் நின்றதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்டர்நெட் வேண்டாதவர்களும் அதற்குச் சேர்த்துப் பணம் கட்டிக் கொண்டிருந்தார்கள். பேச்சுக்கும் செய்திக்கும் மட்டுமான ரீசார்ஜ் தனியே இருந்தாக வேண்டும், கெடு ஒரு வருஷம் வரையில் இருக்கலாம் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி செய்தது. அந்த ரீசார்ஜைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதைத் தாமாக எடுத்து நீட்டுகிற கடைக்காரரை நாம் இன்னும் சந்திக்கவில்லை.

இவற்றில் சுதேசிச் சரக்கு எது என்று ஒரு நண்பர் கேட்டார். நோக்கியா பின்லாந்துக்காரர்களுடையதானாலும், 2006 முதல் நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே கோடிக்கணக்கில் போன்கள் செய்தார்கள். அதில் எத்தனையோ நம் பெண்கள் வேலை செய்தார்கள். 2014 நவம்பரில் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. 'லாவா' இந்தியக் கம்பெனி. 'ஐடெல்' சீன தேசத்தாருடையது. டவர் விஷயத்தில், பி.எஸ்.என்.எல்.லின் 4ஜி சாதனங்கள் இந்நாட்டிலேயே செய்யப்பட்டு 2025 செப்டம்பர் 27-ல் துவக்கப்பட்டன. சந்தோஷந்தான். பச்சைமலை அடிவாரத்திலும் அதன் கோடுகள் முழுதாய் எழும்பினால் சந்தோஷம் பூர்த்தியாகும்.

அத்தை கடைசியில் தேர்ந்தெடுத்தது சிவப்பு நிறத்தில், பெரிய பொத்தான்களும் நெற்றி விளக்கும் உள்ள 4ஜி பட்டன் போன். 2-ஐ நீள அமுக்கினால் மகள், 3-ஐ அமுக்கினால் மகன், 4-ஐ அமுக்கினால் நாம் என்று அமைத்துக் கொடுத்தோம். சாயங்காலம் திண்ணையில் திருச்சி வானொலி கேட்கிறார். ராத்திரி எட்டு மணிக்குச் சிங்கப்பூரிலிருந்து மணியடித்ததும் ஒரே அமுக்கு. போனை அவர் வெற்றிலைச் சுருக்குப் பையிலேயே வைத்துக்கொள்கிறார். போன வாரம் அந்தப் பையிலிருந்த சுண்ணாம்பு ஒழுகி ஒரு பொத்தானுக்குள் இறங்கிவிட்டது. எந்தப் பொத்தான் என்று கேட்டோம். "நாலாம் நம்பர்தான். அவசரமில்லை தம்பி, நீ கூப்பிட்டாப் போதும்" என்றார்.